நீர்மோர் குடுத்தாச்சு, கப்பு எங்க போச்சு?

பங்குனி வரப் போகுது, எங்க வீட்ல தயிருக்கு சொல்லி வைக்கிற பேச்சு ஆரம்பிச்சாச்சு. மயிலாப்பூர்ல மாட வீதிய ஒட்டின சந்துல எங்க வீடு. கபாலீஸ்வரர் கோயில் பங்குனிப் பெருவிழா பத்து நாளும் எங்களுக்கு வீட்டு விசேஷம் தான், கொடியேத்தத்துல இருந்து திருக்கல்யாணம் வரைக்கும் வாசல்ல செருப்பு குவிஞ்சே கிடக்கும், ஊர்ல இருந்து பெரியப்பா குடும்பம் சித்தி குடும்பம் எல்லாம் வந்து எறங்கிருவாங்க. மூணாம் நாள் அதிகார நந்தி, ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்து மூவர், அதாவது அறுபத்து மூணு நாயன்மார்களும் பல்லக்குல ஊர்வலமா வர்ற நாள். அந்த எட்டாம் நாள் மத்தியானம் எங்க அப்பா நீர்மோர் பந்தல் போடுவாரு, அவரு ஆரம்பிச்சு 22 வருஷம் ஆச்சு, அதுக்கு முன்னாடி தாத்தா பானகம் குடுத்துட்டு இருந்தாரு. பங்குனி வெயில் எப்படி இருக்கும்னு சென்னைக்காரங்களுக்கு சொல்லத் தேவையில்ல. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துல இருந்தெல்லாம் கைக்குழந்தையோட வந்து தாரோட்டுல வெறுங்கால்ல நிக்கிறவங்க ஒரு டம்ளர் மோர் வாங்கி ஒரே மடக்குல குடிச்சிட்டு "நல்லா இருப்பா"ன்னு சொல்றப்போ அப்பா மூஞ்சிய பாக்கணும்.

இப்ப எழுதறது அந்தப் பந்தல் பத்தி தான்.

2017-ல அறுபத்து மூவர் முடிஞ்ச ராத்திரி, மணி பதினொன்னரை இருக்கும். சாமி எல்லாம் உள்ள போயாச்சு, கூட்டம் வடிஞ்சிருச்சு, நாங்க பந்தல பிரிச்சு அண்டா எல்லாம் கழுவி கவுத்திட்டு, நானும் சித்தி பொண்ணும் சும்மா தெற்கு மாட வீதி வரைக்கும் ஒரு நடை போயிட்டு வரலாம்னு கிளம்பினோம். ரோடே தெரியல. நெஜமா தார் கலரே தெரியல. கப்பு, தொன்னை, தண்ணி பாக்கெட், விளம்பரத்துக்கு குடுத்த விசிறி அட்டை, ஐஸ் குச்சி, மிதிபட்ட புளியோதரை, பாதி சாப்பிட்டு அப்படியே வெச்ச பொங்கல், ஒவ்வொரு அடி வைக்கும் போதும் காலுக்கடியில ஒரு கப்பு டப்புனு வெடிக்குது. கொஞ்ச தூரம் போனதும் சித்தி பொண்ணு குனிஞ்சு ஒரு கப்ப எடுத்துக் காமிச்சா, "அக்கா இது நம்மளது."

நம்மளது தான். அந்த வருஷம் பாரிஸ் கார்னர்ல பிங்க் கலர் பூ போட்ட பேப்பர் கப்பு மொத்தமா வாங்கியிருந்தோம், பாக்கெட்டுக்கு 50, முப்பது பாக்கெட், ஆக 1500 கப்பு. எங்க பந்தல் ஓரமா ரெண்டு அட்டைப் பெட்டி வெச்சிருந்தோம், அதுல விழுந்தது ஒரு நூறு இருந்தா பெருசு. மத்தது பூரா ஊர்வலத்தோட கூடவே நடந்து போயிருக்கு. அதுக்கப்புறம் என் கண்ணு வேற எதையும் பாக்கல, பிங்க் பூவ மட்டும் தேடிட்டே வந்துச்சு. குளத்து முனையில, மழைநீர் வடிகால் வாய்ல, பூட்டின கடைங்க படிக்கட்டுல, ஒரு மாட்டுக்கு முன்னாடி. தாத்தா காலத்துலேர்ந்து புண்ணியம்னு பண்ணிட்டு வந்த காரியம், வாசல் தாண்டினதும் என்னவா ஆகுதுன்னு அன்னிக்கு தான் பாத்தேன்.

அங்க ஒரு அக்கா பெருக்கிட்டு இருந்தாங்க, மாநகராட்சி குப்பை எடுக்கிற வேலை. நீளக் கம்புல கட்டின துடைப்பம், இடுப்புல சொருகின முந்தானை, அவங்க கூட இன்னும் அஞ்சாறு பேரு வரிசையா பெருக்கிட்டே வந்தாங்க. நான் கையில கப்ப வெச்சிட்டு என்ன பண்றதுன்னு தெரியாம நின்னேன், "ரொம்ப கஷ்டமா இருக்காக்கா இவ்ளோ கப்பு"ன்னு ஏதோ கேட்டேன். அவங்க நிமிரவே இல்ல, பெருக்கிட்டே சொன்னாங்க. "கப்பு பரவால்ல கண்ணு, காத்துல ஓடும், தொரத்தி புடிச்சிரலாம். இந்த சாம்பார் சாதம் தான் தார்ல ஒட்டிக்கினு வரவே வராது, அத்தினி பேரு மிதிச்சு மிதிச்சு பசை மாதிரி ஆயிருது, தகரத்த வெச்சு சொரண்டணும்." கொஞ்சம் தள்ளிப் போயிட்டு திரும்பி, "சோத்து மேல கால் வெச்சு நிக்கிறது தான் ஒரு மாதிரி இருக்கு"ன்னாங்க.

அந்தக் கடைசி வார்த்தை இன்னும் என் கூடவே இருக்கு. நம்ம வீடுகள்ல ஒரு பருக்கை கீழ விழுந்தா எடுத்து ஓரமா வெப்பாங்க, தெரியாம மிதிச்சுட்டா தொட்டு கண்ணுல ஒத்திப்பாங்க. அப்படி வளந்த ஊர்ல, சாமி ஊர்வலம் போன ராத்திரி, ஒரு பொம்பள சோத்து மேல நின்னு சோத்த சொரண்டி எடுக்கணும். ஒன்பதாம் நாள் பிட்சாடனர் புறப்பாடு வேற இருக்கு, அதனால விடியறதுக்குள்ள நாலு மாட வீதியும் பளிச்சுனு ஆகணும். காலைல நாம எந்திரிச்சு கோலம் போட வர்றப்போ ரோடு சுத்தமா இருக்கும், ராத்திரி அப்படி ஒன்னு நடந்த மாதிரியே இருக்காது, அதனால தான் இத்தன வருஷம் யாருக்கும் உறைக்கலன்னு நினைக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அம்மா கிட்ட சொன்னப்போ அம்மா ஒன்னு சொன்னாங்க. வீட்ல நாலு பேர கூப்பிட்டு இலை போட்டு சாப்பாடு போட்டா, வந்தவங்க இலைய எடுக்கப் போனா விடுவோமா? "அட இலைய விடுங்க, கைய கழுவுங்க, நாங்க பாத்துக்கறோம்"னு தான சொல்லுவோம். இலை எடுக்கிறது வரைக்கும் விருந்து வெச்சவங்க வேலை. தருமர் பண்ணின ராஜசூய யாகத்துல கிருஷ்ணர் எச்சில் இலைய எடுத்தாருன்னு பாட்டி கதை சொல்லுவாங்க, அத்தன ராஜாக்கள் உக்காந்து சாப்பிட்ட பந்தியில எந்த வேலை உசத்தின்னு கேட்டா அது தான்னு சொல்லுவாங்க. அதே நாம ரோட்ல பந்தல் போட்டு குடுக்கிறப்போ மட்டும், கைல குடுத்ததோட நம்ம வேலை முடிஞ்சுதுன்னு எப்படி முடிவு பண்ணினோம்? இலைய எடுக்க யாரோ வருவாங்கன்னு விட்டோம். அந்த யாரோ யாருன்னு எல்லாருக்கும் தெரியும், எந்தத் தெருவுல இருந்து வர்றாங்க, எந்த ஜாதியா இருக்காங்க, மாசம் என்ன கைக்கு வருதுன்னு கூட தெரியும், தெரிஞ்சே தான் விட்டிருக்கோம்.

அறுபத்து மூவர் பாத்தவங்களுக்கு அப்பர் சாமிய தெரிஞ்சிருக்கும். மொட்டைத் தலை, கழுத்துல ருத்ராட்சம், தோள்ல சாய்ச்சு பிடிச்ச உழவாரம். உழவாரம்னா புல்லு செதுக்கிற கருவி, கோயில் பிரகாரத்துல முளைச்ச புல்லையும் முள்ளையும் செதுக்கி சுத்தம் பண்றதுக்கு அவரு ஊர் ஊரா கையோட கொண்டு போனது. மத்த சாமி கைல சூலம், வில்லு, தாமரை இருக்கும், இவரு கைல மட்டும் சுத்தம் பண்ற சாமான் இருக்கு, அதோடயே தான் பல்லக்குல வர்றாரு, நாமளும் அத தான் கன்னத்துல போட்டுக்கறோம். அவரோட அக்கா திலகவதியார் திருவதிகைக் கோயில்ல விடியறதுக்கு முன்னாடி போயி துடைப்பத்தால பெருக்கி சாணம் போட்டு மெழுகினவங்க, அவங்க வேண்டிக்கிட்டதுல தான் சமணத்துக்குப் போயிருந்த தம்பி சைவத்துக்குத் திரும்பினாருன்னு கதை. அந்த அம்மா அறுபத்து மூவர் கணக்குல இல்ல, பல்லக்குல வர மாட்டாங்க. சின்ன வயசுல இருந்து இந்தக் கதைய கேட்டிருக்கேன், அந்த ராத்திரிக்கு அப்புறம் தான் திலகவதியார நினைச்சா எனக்கு ஒரு மூஞ்சி ஞாபகம் வருது.

இன்னொன்னும் சொல்லணும். பல்லக்கு தூக்குறவங்கள பக்கத்துல இருந்து பாத்திருக்கீங்களா? வெறுங்கால். தோள்ல அத்தன கனம், கீழ குனிஞ்சு பாக்க முடியாது, எதிர்ல கூட்டம். கீழ சாதம் கொட்டியிருந்தா வழுக்கும், தொன்னைல குத்தியிருக்கிற ஈர்க்குச்சி குத்தும், தேரன்னிக்கு சிதறு தேங்காய் ஓடு கிழிச்சு விட்டுரும். ஒரு வருஷம் எங்க சந்து முனைல ஒரு ஆளுக்கு கால் வழுக்கி, பல்லக்கு ஒரு பக்கம் சாய்ஞ்சு, கூட்டம் பூரா "ஐயோ"ன்னு கத்தி, மத்தவங்க தாங்கிப் பிடிச்சிட்டாங்க. கீழ கிடந்தது கேசரி. யாரோ ஆசையா நெய் ஊத்திப் பண்ணின கேசரி.

சரி, என்ன பண்ணோம்னு சொல்றேன். 2018-ல முதல் முயற்சியா பந்தலுக்கு முன்னாடி அட்டைப் பெட்டிக்கு பதிலா நாலு பெரிய டிரம் வெச்சோம், "இங்கே போடவும்"னு சார்ட்ல எழுதி ஒட்டினோம். பலன் ரொம்ப இல்ல. ஏன்னு நின்னு பாத்தப்போ புரிஞ்சுது, ஜனங்க மேல தப்பு சொல்றது பாதி தான் சரி. அந்தக் கூட்டத்துல ஒருத்தர் கப்ப வாங்கினதும் பின்னாடி இருக்கிறவங்க தள்ளுற தள்ளுல இருபது அடி நகந்துருவாங்க, குடிச்சு முடிக்கிறப்போ நம்ம டிரம் பின்னாடி போயிருக்கும், திரும்பி வர முடியாது, கையிலயே வெச்சுக்கலாம்னா அடுத்த பந்தல்ல சுண்டல் நீட்டுறாங்க, ஒரு கைல குழந்தை. கீழ போடாம என்ன பண்ணுவாங்க? குடுக்கிற எடமும் போடற எடமும் ஒன்னா இருக்கவே முடியாது, போடற எடம் பத்திருபது அடி தள்ளி, ஊர்வலம் போற திசையில இருக்கணும். அதுவும் கண்ணு மட்டத்துல, ஆள் ஒருத்தர் சாக்க விரிச்சுப் பிடிச்சிட்டு நிக்கணும், கீழ வெச்ச டிரம் கூட்டத்துல கண்ணுக்கே தெரியாது. இது தெரிய எங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு.

அதுக்குள்ள 2019 ஜனவரி 1-லேர்ந்து தமிழ்நாட்டுல ஒரு தடவை யூஸ் பண்ணித் தூக்கிப் போடற பிளாஸ்டிக் 14 வகைக்குத் தடை வந்துச்சு. தண்ணி பாக்கெட், தெர்மோகோல் தட்டு, கேரி பேக், ஸ்ட்ரா எல்லாம் அதுல உண்டு, நிறைய பேருக்கு தெரியாதது என்னன்னா பிளாஸ்டிக் பூச்சு இருக்கிற பேப்பர் கப்பும் பேப்பர் தட்டும் கூட அந்த லிஸ்ட்ல இருக்கு. பேப்பர்னு பேரு தான, உள்பக்கம் நகத்தால சுரண்டிப் பாருங்க, மெல்லிசா ஒரு தோல் உரிஞ்சு வரும், அது பிளாஸ்டிக். அது இல்லன்னா மோர் ஊத்தின அஞ்சு நிமிஷத்துல கப்பு நைஞ்சுரும். அதனால தான் அது லேசுல மக்காது, பழைய பேப்பர்காரரும் எடுக்க மாட்டாரு. எங்க ஏரியா குப்பை பெருங்குடிக்குப் போகும், அந்தக் குப்பைமேடு இருக்கிறது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல, உலக அளவுல முக்கியமான சதுப்பு நிலம்னு 2022-ல ராம்சார் அங்கீகாரம் கிடைச்ச அதே எடம், வலசை பறவைங்க வர்ற எடம். எங்க பிங்க் பூ கப்பும் அங்க தான் போயி சேந்திருக்கும், லேசுல மக்கியிருக்காது.

அப்ப தான் அம்மா எவர்சில்வர் டம்ளர் எடுத்தாங்க. வீட்டுல இருந்தது, பெரியப்பா வீட்டுது, கல்யாணத்துக்கு வந்த கிஃப்ட்டு, பழைய பாத்திரக்கடைல எடைக்கு வாங்கினதுன்னு சேத்து 200 டம்ளர். அப்பா ஒத்துக்கவே இல்ல. முதல்ல திருடு போயிரும்னாரு, அப்புறம் யாரு கழுவறதுன்னாரு, கடைசில அவரு சொன்னது தான் நியாயமான கேள்வி, "தாகத்தோட வர்றவங்கள டம்ளருக்காக நிக்க வைக்கச் சொல்றியா?" இதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஒரு வருஷம் பாப்போம்பான்னு மட்டும் கெஞ்சினேன்.

வேலை எப்படின்னா, மூணு பெரிய டப். முதல் டப்புல வெறும் தண்ணி, மோர் போற வரைக்கும் அலசறது. ரெண்டாவதுல சோப்புத் தண்ணி, நார் வெச்சு ஒரு தேய். மூணாவதுல கை பொறுக்கிற சூட்டுல வெந்நீர், அதுல முக்கி எடுத்து சல்லடைக் கூடைல கவுத்தினா அந்த வெயிலுக்கு நிமிஷமா காஞ்சுரும். முதல் டப் தண்ணிய அரைமணிக்கு ஒரு தடவை மாத்தணும், இல்லன்னா புளிச்ச வாடை வந்துரும், கொட்டறதுக்கு முன்னாடி துணில வடிகட்டி கறிவேப்பிலை, இஞ்சி, பச்சமிளகாய் தனியா எடுத்துரணும், இல்லன்னா வடிகால் அடைச்சுக்கும். கழுவ ஆறு பேரு, ஊத்த ரெண்டு பேரு, காலி டம்ளர் வாங்கிட்டு வர சந்துப் பசங்க நாலு பேரு. பசங்களுக்கு தான் குஷி, கூட்டத்துக்குள்ள பூந்து பூந்து வாங்கிட்டு வந்தானுங்க. டம்ளர குடுக்கிறப்பவே "அண்ணாந்து குடிங்கம்மா"ன்னு சொல்லிருவோம், நம்ம ஆளுங்களுக்கு அது புதுசு இல்லையே, வயசானவங்க யாரும் சொல்லாமலே தூக்கித் தான் குடிச்சாங்க, சின்னப் பசங்க தான் மூக்குல விட்டுக்கிட்டாங்க.

அந்த வருஷம் 40 லிட்டர் தயிரும் தீரல. வழக்கமா 1500 பேருக்குப் போகும், அன்னிக்கு ஆயிரத்து நூறு கூட தாண்டலன்னு அப்பா கணக்கு பண்ணினாரு. ராத்திரி சாப்பிடாம படுத்துட்டாரு. நாங்க யாரும் பேசல. காலைல எந்திரிச்சு டம்ளர எண்ணினா 188 இருக்கு, பன்னெண்டு தான் போயிருக்கு. அப்பா அத ரெண்டு தடவை எண்ணினாரு. அப்புறம் செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய போனாரு, சந்துலேர்ந்து குளம் வரைக்கும் நடந்துட்டு வந்து, "நம்ம வாசல்ல பெருக்கறதுக்கு ஒன்னும் இல்ல"ன்னு மட்டும் சொன்னாரு. கொரோனா வருஷங்கள் போக அதுக்கப்புறம் கப்பு வாங்கினதே இல்ல. இப்ப ஊத்தற எடம் ரெண்டா பிரிச்சாச்சு, சந்து வாசல்ல ஒன்னு, பத்து வீடு தள்ளி இன்னொன்னு, அதனால நிக்கிற நேரமும் குறைஞ்சு போச்சு, போன வருஷம் பழையபடி தயிர் பூரா தீந்துச்சு.

மோர் கூட குடுக்கிற சுண்டல் தான் கொஞ்ச நாள் படுத்துச்சு. நியூஸ்பேப்பர்ல மடிச்சு குடுக்கலாம்னா மை ஒட்டும், சூட்டோட வைக்கவே கூடாது. மந்தாரை இலை தொன்னை போட்டோம், மக்கும், ஆனா மக்குறதுக்கு முன்னாடி ரோட்ல கிடந்தா அதுவும் குப்பை தான், அதுவும் வழுக்கும். மக்கற பொருள்னு சொல்லிட்டா கீழ போடலாம்னு ஒரு நினைப்பு நம்ம எல்லார்கிட்டயும் இருக்கு. இப்ப சுண்டல உள்ளங்கையில குடுக்கறோம், கோயில்ல பிரசாதம் வாங்கற மாதிரி ஒரு கரண்டி அளவு. கொஞ்சமா இருக்குன்னு யாரும் குறை சொன்னதில்ல. வேணும்னா இன்னொரு வாட்டி கை நீட்டுவாங்க.

அளவு பத்தி பேச்சு வந்ததால இதையும் சொல்லிடறேன். அன்னிக்கு அவ்ளோ சாதம் ரோட்ல கிடக்கிறதுக்குக் காரணம் வாங்கறவங்க மட்டும் இல்ல, குடுக்கிறவங்க அவசரம். கொண்டு வந்த அண்டா சாமி தெருவத் தாண்டறதுக்குள்ள காலி ஆகணும்னு, வர்றவங்க போறவங்க கைல எல்லாம் திணிக்கிறோம். ஏற்கனவே ரெண்டு தொன்னை வெச்சிருக்கிறவங்க கைலயும் மூணாவது ஏத்தறோம். பிரசாதம் வேணாம்னு எப்படி சொல்றதுன்னு அவங்களும் வாங்கிக்கறாங்க, நாலு வாய் சாப்பிட்டு வயிறு ரொம்பினதும் சுவத்தோரமா மெதுவா வெச்சிட்டுப் போயிடறாங்க. பத்து பந்தல் வரிசையா சாம்பார் சாதமே குடுத்தா யாரு சாப்பிடுவா? நாலு தெரு தள்ளி பந்தலே இல்லாத எடத்துல போலீஸ்காரங்க, பலூன் விக்கிறவங்க, பெருக்க வர்றவங்க எல்லாம் பசியோட இருக்காங்க. போன ரெண்டு வருஷமா எங்க சந்துல இருக்கிற ஒரு வீடு பந்தல நிறுத்திட்டு, அதே புளியோதரைய ராத்திரி பத்து மணிக்கு மேல குப்பை எடுக்க வர்றவங்களுக்கு பாக்கு மட்டை தட்டுல உக்கார வெச்சு போடறாங்க. ஒரு பருக்கை வீணாகலன்னு அந்த வீட்டு ஆன்ட்டி சொன்னாங்க. எங்க பந்தலவிட அது தான் பெருசுன்னு எனக்குத் தோணுது.

மாநகராட்சி செய்ய வேண்டியதும் நிறைய இருக்கு, அத விட்டுட்டு பேசினா நியாயம் இல்ல. குப்பை வண்டி கூட்டம் வடியற வரைக்கும் உள்ள நுழைய முடியாது, அது புரியுது, ஆனா சின்ன தள்ளுவண்டிகள சந்து சந்தா நிறுத்தி வெச்சு சாயங்காலமே பாதிய எடுக்கலாம். பெருக்கறவங்களுக்கு கையுறை, பூட்ஸ் எல்லாருக்கும் கிடைச்சிருக்கான்னு பாக்கணும், நான் பாத்தவங்கள்ல பாதி பேரு வெறும் கை. அப்புறம் டாய்லெட். லட்சக்கணக்குல ஜனங்க வர்ற நாள்ல மொபைல் டாய்லெட் எங்க நிக்குதுன்னு தேடித் தான் கண்டுபிடிக்கணும். ஆம்பளைங்க எந்த சுவர் ஓரமா போறாங்கன்னு எங்க சந்துல குடியிருக்கிற எங்களுக்குத் தெரியும், அடுத்த ரெண்டு நாளைக்கு ஜன்னல் திறக்க முடியாது. பொம்பளைங்க காலைலேர்ந்து தண்ணியே குடிக்காம வர்றாங்க, எங்க பந்தல்லயே "மோர் வேணாம்மா, அப்புறம் எங்க போறது"ன்னு எத்தன பேரு சொல்லியிருக்காங்க. அப்படி சொல்றவங்கள நாங்க வீட்டுக்குள்ள கூப்பிட்டு விடறோம், அந்த ஒரு நாள் எங்க வீட்டு பாத்ரூம் பொது பாத்ரூம் தான், வாசல்ல அம்மா உக்காந்துப்பாங்க, வயசானவங்களுக்கும் குழந்தைகளுக்கும் முதல்ல.

முடியாத காரியம்னு யாராச்சும் சொன்னா நான் திருவனந்தபுரத்த காமிப்பேன். அத்தை அங்க இருக்காங்க, ஆற்றுகால் பகவதி அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒரு தடவை கூட்டிட்டுப் போனாங்க. மாசி மாசத்துல வரும், லட்சக்கணக்கான பொம்பளைங்க ஊரு பூரா ரோட்ல செங்கல் அடுக்கி மண்பானைல பொங்கல் வெப்பாங்க, ரயில்வே ஸ்டேஷன் வாசல் வரைக்கும் அடுப்பு தான். எங்க பார்த்தாலும் செங்கல், சாம்பல், தென்னம்பாளை. மத்தியானம் பூஜை முடிஞ்சு பானைய தலைல தூக்கிட்டு எல்லாரும் கிளம்பின உடனே பின்னாடியே மாநகராட்சி ஆளுங்க எறங்கிட்டாங்க, கூடவே வாலண்டியருங்க, ராத்திரிக்குள்ள ரோடு கழுவி விட்டாச்சு. அந்த செங்கல் எல்லாத்தையும் சேத்து, வீடில்லாதவங்களுக்கு வீடு கட்டற திட்டத்துக்குக் குடுக்கறாங்க. சாமிக்குப் பொங்கல் வெச்ச கல்லு ஒரு ஏழை வீட்டு சுவரா நிக்கிறத அத்தை சொல்லிக் கேட்டப்போ எனக்கு கண்ணு கலங்கிருச்சு.

நான் இத எங்க சொன்னாலும் உடனே ஒரு கேள்வி வரும், "ஏன் நம்ம பண்டிகைய மட்டும் சொல்ற, கட்சி மாநாடு நடந்தா குப்பை இல்லையா, நியூ இயர் ராத்திரி மெரினால குப்பை இல்லையா?" இருக்கு, நிறையவே இருக்கு. ஆனா அந்த மாநாட்டுக்கு நான் போறதில்ல, இது என் விழா, என் தெரு, என் கையால குடுத்த கப்பு. வேற ஒருத்தன் வீடு குப்பையா இருக்குன்னு என் வீட்ட பெருக்காம விட முடியுமா? விழாவ குறைக்கணும்னு நான் சொல்லவே இல்ல, இன்னும் நூறு பந்தல் போடட்டும், இன்னும் பெருசா நடக்கட்டும், ஒவ்வொரு பந்தலும் அவங்கவங்க இலைய அவங்கவங்க எடுக்கட்டும்னு தான் சொல்றேன். ஆயுத பூஜைக்கும் இதே தான். திருஷ்டிப் பூசணிக்காய நடுரோட்ல உடைச்சிட்டு திரும்பிப் பாக்காம வந்துரணும்னு ஒரு பழக்கம், ஒவ்வொரு வருஷமும் போலீஸும் மாநகராட்சியும் வேணாம்னு சொல்லிட்டே இருக்காங்க, ஒவ்வொரு வருஷமும் பைக்ல போறவங்க அதுல வழுக்கி விழறாங்க. நம்ம வீட்டு திருஷ்டி கழியறதுக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளை கை கால் உடையணுமா? எங்க தெருவுல இப்ப வீட்டு கேட் ஓரமா உடைச்சு, அஞ்சு நிமிஷம் கழிச்சு கோணில அள்ளிடறாங்க, வாழைக்கன்ன கட்டு கட்டா கட்டி மாட்டுக்குப் போடறாங்க. ஒரு திருஷ்டியும் எங்களுக்கு மிச்சம் நிக்கல.

உழவாரப்பணி குழுன்னு நிறைய பேரு இருக்காங்க, ஞாயித்துக்கிழமை ஆனா வேன் வெச்சு பழைய கோயிலுக்குப் போயி புல்லு செதுக்கி, எண்ணெய்ப் பிசுக்கு தேய்ச்சு, குளத்துல எறங்கி தூர் எடுத்துட்டு வர்றாங்க, எனக்கு அவங்க மேல ரொம்ப மரியாதை. அவங்ககிட்ட ஒன்னு கேக்கணும்னு ஆசை, எட்டாம் நாள் ராத்திரி மதில் சுவருக்கு இந்தப் பக்கமும் வாங்களேன். பெருக்கறவங்க வேலைய பிடுங்கறதுக்கு இல்ல, அவங்க வர்றதுக்கு முன்னாடி சாதம் ஒட்டிக் காயறதுக்குள்ள ஒரு சுத்து, ஒன்பது மணிலேர்ந்து பத்தரை வரைக்கும், ஈரமா இருக்கிறப்பவே அள்ளிட்டா தகரத்தால சொரண்டற வேலை இருக்காது. போன வருஷம் எங்க சந்துல எட்டு பேரு சேந்து இத பண்ணிப் பாத்தோம், ரெண்டு வாளித் தண்ணி, ஒரு தகர முறம், பழைய கார்ப்பெட் துண்டு, அவ்ளோ தான். எங்க வாசல்லேர்ந்து முனை வரைக்கும் தான் முடிஞ்சுது. அந்த அக்காவ அதுக்கப்புறம் நான் பாக்கல, வேற ஏரியாக்கு மாத்திட்டாங்கன்னு கூட வேலை செய்யறவங்க சொன்னாங்க.

இந்த வருஷம் முனை தாண்டி குளம் வரைக்கும் போகணும். பக்கத்து சந்து மாமா அவங்க பானகப் பந்தலுக்கும் டம்ளர் முறை வெச்சுக்கறேன்னு சொல்லிட்டாரு, அவருக்கு நூறு குடுத்தா எங்களுக்குக் குறையும். டப்பு மூணு இருக்கு, இன்னும் மூணு பெரியப்பா கொண்டு வர்றாரு. கழுவறதுக்கு சித்தி பொண்ணு காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் நாலு பேரு வர்றதா சொல்லியிருக்காங்க. சித்திரக்குளம் பக்கம், லஸ் பக்கம் யாரு வீட்லயாவது பழைய எவர்சில்வர் டம்ளர் பரண்ல சும்மா கிடந்தா சொல்லுங்க, நசுங்கி இருந்தாலும் பரவால்ல, ஓட்டை இல்லாம இருந்தா போதும், எனக்கு இன்னும் 60 வேணும்.